திங்கட்கிழமைச் சீருடை

ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டால் வெயில் கட்டிங் டேபிளின் காலோடு நின்றுவிடும். தெருவில் போகிறவர்களின் செருப்பு எனக்குத் தெரியும், மெஷினை மிதிக்கிற என் கால் அவர்களுக்குத் தெரியும், அதற்கு மேலே ஊசிக்கு அடியில் என்ன ஓடுகிறது என்பது ஒருத்தனுக்கும் தெரியாது. இன்றைக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமை பூபாலன் கடை திறக்கமாட்டான் என்று இந்த பஜாருக்கே தெரியும், தீபாவளிக்கு முந்தின ஞாயிறு ஒன்றைத் தவிர. அப்படிப்பட்டவன் மத்தியானச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன், அதுவும் சட்டை தைக்க இல்லை, பேன்ட் தைக்க இல்லை. சுடிதார். போர்டில் என்ன எழுதியிருக்கிறது? மாடர்ன் டெய்லர்ஸ், ஆண்களுக்கு மட்டும். அந்த 'மட்டும்' நான் சொல்லி எழுத வைத்தது. இடம் பத்தாது என்றான் பெயின்டர், எழுத்தைச் சின்னதாக்கி எழுதடா என்றேன். மாப்பிள்ளைக் கோட்டோடு சேர்த்து ரவிக்கைத் துணியையும் நீட்டினவர்களை, ரவிக்கை எல்லாம் அடுத்த தெரு என்று கையைக் காட்டி அனுப்பியிருக்கிறேன். அகங்காரம்தான், வேறென்ன. கொஞ்சம் அகங்காரம் இல்லாதவன் காலரை நேராக வைக்க முடியாது. இப்போது அந்த அகங்காரம் நீலக் கட்டம் போட்ட துணியைப் பார்த்துத் திருதிருவென்று முழித்துக்கொண்டிருக்கிறது. நாளைக்குக் காலையில் பிரேயர் மணி அடிப்பதற்குள் என் மகள் இதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட கேட்டைத் தாண்ட வேண்டும். மகள். மனசுக்குள் சொல்லும்போது இப்போதெல்லாம் தடுக்குவதில்லை, வாயில் வரும்போதுதான் தம்பி என்று பாதி வந்துவிடுகிறது. பிறந்ததிலிருந்து தம்பி தம்பி என்று கூப்பிட்ட வாய், பிள்ளை பதினோராம் வகுப்புக்கு வந்த பிறகு பாப்பா என்று திருப்பினால் ஒரேயடியாகத் திரும்பிவிடுமா. த என்று ஆரம்பித்து, இருமிக்கொண்டு, பாப்பா என்பேன். அவள் கண்டுகொள்ளாத மாதிரி இருப்பாள். அப்படிக் கண்டுகொள்ளாமல் இருப்பதற்காகவே எத்தனையோ தரம் அவளுக்கு மனசுக்குள் கும்பிடு போட்டிருக்கிறேன்.

இந்திராணி நேற்றே சொன்னாள், "எதுக்குங்க வம்பு, அடுத்த தெரு டெய்லர் ஜுபைதாகிட்டக் குடுத்துருவோம், அந்தம்மா கண்ண மூடிக்கிட்டுத் தச்சுரும்" என்று. என் பெண்டாட்டி பேசுவது முக்கால்வாசி சரியாகத்தான் இருக்கும், அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம். ஆனால் எல்.கே.ஜி. டிராயரிலிருந்து அந்தப் பிள்ளையின் உடம்பில் ஏறின ஒவ்வொரு யூனிபார்மும் இந்த மெஷினில் ஓடினது. பள்ளிக்கூடத்தில் இலவசமாகத் தைத்துக் கொடுத்ததைக்கூட நான் பிரித்து மறுபடி தைத்துத்தான் போட்டு அனுப்புவேன், டெய்லர் பிள்ளை தொளதொளவென்று போனால் கடைக்கு என்ன மரியாதை. இந்த வருஷத்து இலவசத் துணி பையன்களுக்கானதாக எப்போதோ வந்து முடிந்துவிட்டது, இனி அடுத்த வருஷம்தான் மாற்ற முடியும் என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டார், அதுவரைக்கும் நாங்களே தைத்துக்கொள்ள வேண்டும். இதை மட்டும் வேறு கடைக்கு அனுப்பினால் அவள் வாயைத் திறந்து ஒன்றும் கேட்கமாட்டாள். இத்தனை வருஷம் தைத்த அப்பா இதற்கு மட்டும் கையை எடுத்துக்கொண்டார் என்று நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்போடு அவள் அந்த கேட்டுக்குள் போகக் கூடாது. போவாளா என்பதே பெரிய கேள்வி. அரைப் பரீட்சைக்கு முன்னால் ஒரு நாள் விளையாட்டு சார் பிரேயரில் அவளை வரிசையிலிருந்து வெளியே இழுத்து, எல்லார் கண் முன்னாலும் முடியைக் கத்தரித்தாரே, அதிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. துணி வெட்டுகிற கத்தரியாக இருந்தாலாவது நறுக்கென்று விழுந்திருக்கும், பேப்பர் வெட்டுகிற மழுங்கல் கத்தரி, ஒரு பக்கம் காதுக்கு மேலே, ஒரு பக்கம் கீழே. அன்றைக்குச் சாயங்காலம் அவளை இதே ஸ்டூலில் உட்கார வைத்து நான்தான் அதைச் சமன் பண்ணினேன். அழுதிருந்தால் பரவாயில்லை. அழவில்லை, கண்ணாடியைப் பார்க்கவும் இல்லை. அதற்கப்புறம் முடி வளர்ந்துவிட்டது, காதை மூடி, கழுத்துக்கு வந்துவிட்டது. முடிக்கென்ன, அதற்கு ஒருத்தர் அனுமதியும் வேண்டியதில்லை. நாளைக்கு ஒரு பையன் சிரித்தால், ஒரு பெண் நகர்ந்து உட்கார்ந்தால், மறுபடி வீடு, மறுபடி சாத்தின கதவு. இல்லை, வீடுகூட இல்லை, பஸ் ஸ்டாண்டு. அதை இப்போது நினைக்க வேண்டாம். பாபினில் நூல் தீர்ந்துவிட்டது, அதைப் பார்.

சுடிதார் டாப் என்றால் என்ன, நீளமான ஜிப்பா, அவ்வளவுதானே என்று நேற்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். துணியை விரித்துப் போட்டதும்தான் தெரிந்தது. ஜிப்பாவுக்கு உடம்பு ஒரு பெட்டி, நான்கு கோடு போட்டால் முடிந்தது. இதற்கு மார்புக்குக் கீழே ஒரு பிடிப்பு, இடுப்பில் ஒரு வளைவு. அப்புறம் அளவு. ஜென்ட்ஸ் டெய்லருக்கு அளவெடுப்பதில் என்ன இருக்கிறது, கையைத் தூக்குங்க, மூச்சு விடுங்க, ஆச்சு. அவளை ஸ்டூலுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து டேப்பைக் கையில் எடுத்தால் எனக்குக் கை ஓடவில்லை, அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த உடம்பை ஒருத்தர் இஞ்ச் கணக்கில் சத்தமாகச் சொல்வதை அவளால் தாங்க முடியவில்லை என்று எனக்குப் புரிந்தது, அப்பன் சொன்னாலும்கூட. டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு, சாப்பிட்டாயா பாப்பா என்று கேட்டு அனுப்பிவிட்டேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது, பொம்பளைத் துணிக்கு யாரும் உடம்பில் டேப் வைப்பதில்லை, அளவுத் துணி கொடுப்பார்கள், ஏற்கெனவே சரியாக இருக்கிற ஒன்றை. என் மகளிடம் ஏற்கெனவே சரியாக இருக்கிறது என்று ஒரு துணியும் கிடையாது. அதற்காகத்தான் ஜுபைதா கடைப் படியேறினேன். ஏறக் கூடாத படி. அந்தம்மா போர்டில் 'இருபாலருக்கும் தைக்கப்படும்' என்று எழுதிய நாளிலிருந்து நாங்கள் பேசுவதில்லை, இருபாலருமாம், பேன்ட்டுக்கு பெல்ட் லூப் வைக்கத் தெரியுமா என்று பஜார் முழுக்க நக்கலடித்தவன் நான். போய் நின்றேன். "வாங்கண்ணே, உக்காருங்க" என்றார், ஏதோ நேற்றும் வந்துபோனவனைச் சொல்கிற மாதிரி. விஷயத்தைச் சொன்னேன், முழுக்க. மூன்று வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. அவர் எழுந்து உள்ளே போய், தன் மகள் ரிஹானாவின் யூனிபார்மை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார், டாப்பும் மேல்கோட்டும். "அளவுக்கு வச்சுக்கங்க. ரெண்டு பேரும் ஒரே உசரம்தான். பக்கத் தையலுக்கு உள்ள விடுறமே, அந்த உள்துணிய மட்டும் தடிமனா விட்டுறாதீங்கண்ணே, பொம்பளப்பிள்ள துணிக்கு அது முட்டிக்கிட்டுத் தெரியும், ட்ரையல் பாத்துட்டு வெட்டி விட்டுருங்க." அப்புறம், நான் படி இறங்கும்போது, "ரிஹானா அந்த வகுப்புதான். பக்கத்துல உக்கார வச்சுக்கிருவா." இதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நன்றி என்று சொல்லியிருக்கலாம். வாடிக்கையாளருக்கு நன்றி, மீண்டும் வருக என்று ரசீதில் அச்சடித்திருக்கிறேனே தவிர, வாயால் சொல்லிப் பழக்கமில்லை. பெல்ட் லூப் நல்லாத்தான் வைக்கிறீங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தம்மா சிரித்த சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

ரிஹானா துணியை விரித்து அதன் மேல் சாக்பீஸ் ஓட்டும்போது கை கொஞ்சம் நிதானத்துக்கு வந்தது. நீலக் கட்டம் நேராக ஓடுகிறதா, முன்னும் பின்னும் கட்டம் கட்டத்தோடு சேருகிறதா, இதில் ஆண் என்ன பெண் என்ன. மெஷின் ஓடுகிறவரை பயம் கிட்டே வருவதில்லை, நூலை அறுக்கிற அந்த ஒரு நொடியில் வந்துவிடுகிறது. உத்தரவு. புளோரன்ஸ் டீச்சர் வீட்டுக்கு வந்து சொன்ன உத்தரவு. அவளுடைய வகுப்பு டீச்சர், வெயிலில் நடந்து வந்து, இந்திராணி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "பிள்ளைய அனுப்புங்க சார், இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது, அரசாங்க உத்தரவே வந்துருச்சு" என்றார். பிள்ளை என்ன பேர் சொல்கிறதோ அந்தப் பேரில் கூப்பிட வேண்டுமாம், என்ன சீருடை கேட்கிறதோ அதைப் போட விட வேண்டுமாம், பள்ளிக்கூடமும் விரட்டக் கூடாதாம், வீடும் விரட்டக் கூடாதாம். வீடும் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. என் பிள்ளையை என் வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு அரசாங்கம் சொல்ல வேண்டுமா? கேட்டேவிட்டேன். டீச்சர் கோபப்படவில்லை. "உங்களுக்கு இல்ல சார். எல்லா வீட்டுலயும் மோர் குடுத்து உக்கார வைக்க மாட்டாங்க" என்றார். அதற்குப் பிறகு, இந்த மாதிரிப் பிள்ளைகளின் பெற்றோர்களுக்கு என்று மாவட்ட ஆபீஸில் ஒரு கூட்டம் வைத்தார்கள், உத்தரவில் அதுவும் உண்டாம், போகாமல் இருக்க என்ன சாக்கு சொல்லலாம் என்று யோசித்து யோசித்து, ஒன்றும் தோன்றாமல் போனேன். ஒரு சின்னப் பெண் பாடம் மாதிரி என்னவோ பேசிக்கொண்டிருந்தது, எனக்குக் காது அடைத்துவிட்டது, முன்வரிசைக்காரன் சட்டையில் தோள் இறங்கியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு லாரி டிரைவர். உங்க பிள்ளை எத்தனாவது படிக்கிறது என்று சும்மா கேட்டுவைத்தேன். "எங்க இருக்குன்னே தெரியலங்க. போயி ரொம்ப நாளாச்சு. நான்தான் சத்தம் போட்டுட்டேன்" என்றார். பிறகு எதற்கு வந்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை, அவராகவே சொன்னார், "திரும்பி வந்துச்சுன்னா என்ன பேசணும்னு தெரிஞ்சு வச்சுக்கலாம்னு வந்தேன்" என்று. அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது எனக்கு அந்த உத்தரவின் மேல் இருந்த கோபம் போய்விட்டது. சுத்தமாகப் போய்விட்டது. அந்த மனுஷன் சத்தம் போடுவதற்கு முன்னாலேயே அது வந்திருக்கலாமே என்றுதான் இருந்தது.

யார் எழுதியிருப்பார்கள் அதை? மந்திரி கையெழுத்துப் போட்டிருப்பார், கையெழுத்துப் போடுவது அவர் வேலை. ஆனால் ஏதோ ஒரு ஆபீஸில் ஃபேனுக்குக் கீழே ஒருத்தர் உட்கார்ந்து, பெயர் என்று ஒரு வரி, சீருடை என்று ஒரு வரி, வீடு என்று ஒரு வரி, ஒவ்வொன்றாக யோசித்து அடித்திருப்பார் அல்லவா. அந்த ஆளுக்கு இந்த ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அவருக்கு நான் ஒரு சட்டை தைத்துக் கொடுக்க வேண்டும். நல்ல காட்டன், முழுக்கை. கழுத்தளவு தெரியாது, ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு வழக்கமாக வயிறு கொஞ்சம் இருக்கும், கழுத்துச் சின்னதாக இருக்கும், கடைசிப் பட்டனைத் தளர்த்தி வைக்கலாம். ஒருவேளை அது ஒரு அம்மாவாக இருந்தால்? அப்போது ஜுபைதாவிடம்தான் கொடுக்க வேண்டும். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, ஆளில்லாத கடையில் ஒருத்தன் சிரித்துக்கொண்டே சுடிதார் தைக்கிறான். சிரிப்பு ஒரு தையல் தூரம்கூட ஓடவில்லை, அதற்குள் நேற்று டிவியில் பார்த்தது வந்து நின்றது. யாரோ கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்களாம், இந்த உத்தரவை ரத்து பண்ண வேண்டும் என்று. ஒரு ஆள் மைக்கில் கத்திக்கொண்டிருந்தார், பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள், குடும்பத்தைக் கெடுக்கிறார்கள் என்று. அவர் கத்துகிற குடும்பம் என்னுடையதுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. நான் ரிமோட்டை எடுத்து மாற்றுவதற்குள் அவள் பார்த்துவிட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். ரத்து ஆனால் என்ன செய்வது? தைத்ததை மடித்து பீரோவில் வைக்கச் சொல்வதா? நாளைக்கு இருக்கிறது உத்தரவு, நாளை மறுநாளும் இருக்கும் என்றார் புளோரன்ஸ் டீச்சர், அதற்குப் பிறகு வருவதை அப்புறம் பார்த்துக்கொள்வோம் சார் என்றார். சரி. நாளைக்கு இருக்கிறது. எனக்கு வேண்டியதும் நாளைக்குத்தான்.

ஷட்டருக்கு அடியில் ஒரு டயர் செருப்பு வந்து நின்றது. எதிர் டீக்கடை ராக்கப்பன். அவனுக்குக் கண்ணே வேண்டியதில்லை, காது போதும், தெருவில் எந்த மெஷின் ஓடுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். குனிந்து உள்ளே வந்துவிட்டான், கையில் டீயோடு. "என்ன அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமையும் பணக்காரனாகணுமா?" என்றான். நான் மெஷின் மேல் இருந்த துணியை மடிக்கப் பார்த்தேன், சுடிதார் அப்படிச் சட்டென்று மடங்குகிற சாமான் இல்லை, ஒரு கை தொங்கியது. பார்த்துவிட்டான். "அடி ஆத்தாடி, லேடீஸ் ஆரம்பிச்சாச்சா? போர்ட மாத்திருவமா?" தெருவுக்கே கேட்கிற சிரிப்பு அவனுக்கு. நான் என்ன சொல்லியிருக்கலாம். மச்சினன் மகளுக்கு என்று சொல்லியிருக்கலாம், நாக்கு நுனியில் மச்சினன் மகள் தயாராக நின்றாள், அப்படி ஒருத்தி கிடையவே கிடையாது, இருந்தாலும் நின்றாள். மூச்சை இழுத்தேன். "எம் மகளுக்குப்பா. நாளைக்குப் பள்ளிக்கூடம் போறா" என்றேன். வெளியே வந்துவிட்டது. இருமல் இல்லை, த இல்லை, ஒன்றுமில்லை, மகள் என்று முழுசாக வந்துவிட்டது, அதுவும் யாரிடம், இந்த ஊரின் ஒலிபெருக்கியிடம். ராக்கப்பன் டீ கிளாஸைக் கட்டிங் டேபிளின் ஓரத்தில் வைத்தான். துணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்கு என் பிள்ளையைத் தெரியும், தவழ்கிற காலத்திலிருந்து பன் கொடுத்தவன். டீ கிளாஸைத் துணியில் படாமல் இன்னும் ஒரு இஞ்ச் தள்ளி வைத்தான், பிறகு, "அப்பப் பேச்சுக் குடுக்கக் கூடாது. முடிங்க சீக்கிரம். கரண்டு போயிரும்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து வெளியே போனான். அவ்வளவுதான். அவனிடமிருந்து இதற்கு மேல் நான் எதிர்பார்க்கவுமில்லை, இவ்வளவை எதிர்பார்க்கவுமில்லை. நாளைக்குக் காலை ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், தெரியட்டும், எப்படியும் அவள் நடந்து போகும்போது தெரியத்தானே போகிறது, நான் முதலில் சொன்னேன் என்று இருக்கட்டும். டீயில் வழக்கத்தைவிட இஞ்சி கூட இருந்தது.

நினைக்க வேண்டாம் என்றதை நினைத்துவிட்டேன், பஸ் ஸ்டாண்டை. முடி வெட்டுப்பட்ட வாரத்தில் ஒரு நாள் நான் கடையிலிருந்து வீட்டுக்குப் போனால் இந்திராணி வாசலில் நிற்கிறாள், பிள்ளையைக் காணோம், பள்ளிக்கூடப் பையைக் காணோம், பைக்குள் இருந்த புத்தகமெல்லாம் கட்டிலில் கிடக்கிறது. புத்தகத்தை எடுத்துவிட்டுப் பையைக் கொண்டுபோன பிள்ளை எங்கே போகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சைக்கிளை எடுக்கப் போனேன், சாவியைக் காணோம், சாவி என் கையிலேயே இருந்தது, அப்படி ஒரு நேரம். தெருமுனை திரும்புவதற்குள் அவளே எதிரே வந்தாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு. மதுரை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டதாக அப்புறம் இந்திராணியிடம் சொல்லியிருக்கிறாள், பஸ் கிளம்ப நேரம் இருந்ததாம், பக்கத்து சீட்டு அம்மா தூக்குவாளியைத் திறந்து புளிச்சோறு சாப்பிட்டார்களாம், வாசனை வந்ததாம், பசித்ததாம், இறங்கி வந்துவிட்டாளாம். எங்களிடம் சொன்ன காரணம் அவ்வளவுதான். நானும் இந்திராணியும் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தோம், வேறு ஏதாவது இருக்கும் என்று. பசிச்சதுப்பா என்கிறாள். நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை, இந்திராணிக்கும் சேர்த்து நான் கும்பிடாமல் இருக்கிறேன் என்பது வீட்டில் சண்டை. ஆனால் அந்தப் பசிக்குக் கும்பிடு. அந்த அம்மாவின் புளிச்சோற்றுக்குக் கும்பிடு, அவர்கள் எந்த ஊரோ, அதை எந்த அடுப்பில் கிளறினார்களோ. ஓட்டுநர் டீ குடிக்கப் போய் நேரமாக்கியதற்குக் கும்பிடு. இப்படி யார் யாரோ தெரியாமல் பிடித்துக்கொண்டதில்தான் என் பிள்ளை என் வீட்டில் இருக்கிறது. அன்றைக்கு அவள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேட்டேன், உனக்கு என்ன பேர் வேண்டும் என்று. மிருதுளா என்றாள். வாயில் நுழைகிற பேராக எடுக்கக் கூடாதா என்று வழக்கம்போல நக்கலாகத்தான் சொன்னேன், அவள் சிரித்துவிட்டாள், சோற்றுக் கையோடு.

காஜா எடுத்து, மேல்கோட்டுக்குப் பட்டன் வைத்து, டாப்புக்குக் கை இணைத்து, அயர்ன் போட்டுத் தொங்கவிட்டபோது வெயில் டேபிள் காலை விட்டுத் தெருவுக்கே போய்விட்டது. பக்கத் தையலில் மட்டும் உள்துணி அப்படியே இருக்கிறது, உடம்பு பெருத்தால் பிரித்து விடுகிற துணி, ஜுபைதா சொன்ன மாதிரி ட்ரையல் பார்த்துவிட்டு ஒட்ட வெட்டிவிட வேண்டும். ஜென்ட்ஸ் கடையில் ட்ரையல் பார்க்க மறைப்பு எதற்கு, பேன்ட்டையே இங்கே நின்று மாட்டிவிட்டுப் போகிற ஆட்கள். கோட்டு லைனிங் துணி மிச்சத்தை எடுத்து மூலையில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். இந்திராணியும் அவளும் குனிந்து உள்ளே வந்தார்கள். "வா பாப்பா" என்றேன், சுத்தமாக வந்தது, இந்திராணி திரும்பிப் பார்த்தாள். டாப்பைக் கையில் கொடுத்தேன். டெய்லர் வீட்டில் வளர்ந்த பிள்ளை, எந்தத் துணியையும் போடுவதற்கு முன்னால் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் போடாது. திருப்பினாள். தையலை விரலால் தடவிக்கொண்டே போனாள், கழுத்து, கை. தோளில் விரல் நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே நான் துணி விட்டிருக்கிறேன். ரிஹானாவின் அளவில் தோளை வெட்டாமல், ஒரு விரல் அகலம் கூடுதலாக வெட்டி உள்ளே மடித்துத் தைத்திருக்கிறேன். பார்த்துச் செய்யவில்லை, கை செய்திருக்கிறது. வளர்கிற பையன்களின் யூனிபார்மில் தோளில் துணி விடாமல் நான் தைத்ததே கிடையாது, ஒரு வருஷத்தில் தோள் விரியும், அப்பனைப் பார்த்தாலே தெரியும் எவ்வளவு விரியும் என்று. இந்தக் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதின பிள்ளைக்கு அந்த மடிப்பு எதற்கு என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உன் உடம்பு ஆம்பளை உடம்பாகத்தான் போகப்போகிறது என்று அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன், அவளுடைய முதல் சுடிதாருக்குள் வைத்து.

"அப்பா."

"என்ன பாப்பா."

"தோள்ல துணி விட்டிருக்கீங்க."

இந்திராணிக்கு ஒன்றும் புரியவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் தெரிந்துகொண்டாள். நான் பொய் சொல்லியிருக்கலாம். உறுதிக்காக விட்டது, கட்டம் சேருவதற்காக விட்டது, எத்தனையோ இருக்கிறது. டெய்லரிடம் இல்லாத பொய்யா, புதன்கிழமை கொடுத்துவிடுகிறேன் என்று ஊரையே ஏமாற்றுகிறவன். ஆனால் அவள் டாப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், முகத்தில் கோபமில்லை, என் டேப்பைப் பார்த்தபோது சுருங்கியதே அந்தச் சுருக்கம் ஆரம்பிக்கிற மாதிரி இருக்கிறது, இன்னும் ஒரு நொடியில் அது முழுசாக வந்துவிடும், வந்துவிட்டால் நாளைக்கு இல்லை.

"அடுத்த வருஷம் பிளஸ் டூல்ல," என்றேன். "அப்பயும் இதத்தான போட்டுட்டுப் போகப்போற. பத்தலன்னா பிரிச்சு விட்டுக்கிறலாம்னுதான்."

"அடுத்த வருஷமுமா?"

"பின்ன? இந்த வருஷத்தோட நிறுத்திக்கிறவா நான் கண்ணு வலிக்கத் தச்சேன்? பிளஸ் டூ முடிக்கணும். வீட்டுலருந்துதான் போகணும். உடம்பு பெருசாகும் பாப்பா, எல்லாப் பிள்ளைக்கும் ஆகும். ஆகட்டும். நான் இருக்கேன், பிரிச்சுப் பிரிச்சு விட்டுத் தாரேன்."

அவள் மறுபடியும் அந்த மடிப்பைத் தொட்டாள். பிறகு டாப்பையும் மேல்கோட்டையும் எடுத்துக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனாள். துணி உரசுகிற சத்தம். இந்திராணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், எதற்கு என்று அவளுக்கே தெரியாது. வெளியே வந்தபோது மேல்கோட்டின் பட்டன் எல்லாம் போட்டிருந்தாள். தோளில் சரியாக இருந்தது. கழுத்தில் சரியாக இருந்தது. அவ்வளவு பெரிய பெண்ணா எனக்கு என்று இருந்தது. கண்ணாடியைப் பார்த்தாள், அன்றைக்குப் பார்க்காத அதே கண்ணாடியை, பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள், கையைத் தூக்கிப் பார்த்தாள். இடுப்புப் பக்கத் தையலில் உள்துணி கொஞ்சம் முட்டிக்கொண்டு தெரிந்தது. கழற்றிக் கொடு பாப்பா, வெட்டி விட்டுவிடுகிறேன் என்று கத்தரியை எடுத்தேன்.

"வெட்டாதீங்கப்பா," என்றாள். இடுப்புப் பக்கத்தில் இரண்டு கையையும் வைத்து அந்தத் துணியை மூடிக்கொண்டாள். "தோளுக்கு மட்டும் விட்டா எப்படி. இங்கயும் இருக்கட்டும். இங்கயும் எனக்கு வேண்டியிருக்கும்."

கத்தரியைக் கீழே வைத்தேன். உள்துணி வெளியே தெரியாமல் இருக்கக் கைத்தையல் போட்டுப் படிய வைக்கலாம், அது ஒரு வேலையா. ஊசியை எடுத்து நூலைக் கோர்க்கப் பார்த்தேன், கோர்க்க முடியவில்லை, கண்ணில் ஊசியும் இல்லை, நூலும் இல்லை. இந்திராணிதான் வாங்கிக் கோர்த்துக் கொடுத்தாள்.